விசில் அடிச்சா குந்தணும்

திருந்தினவனை சும்மா விடுங்க. இதைத்தான் நான் கேட்டேன், வேற எதுவும் கேக்கல. ஒருத்தன் ஜெயிலுக்குப் போனான், தொழில் கத்துக்கினான், வெளிய வந்தான், யார் வம்புக்கும் போகாம பன் சுட்டுக்கினு கெடந்தான். அவனை அப்பிடியே விட்டிருக்கலாம்ல? விடல. நெனச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது.

என் பேர் எலிசபெத். விவேக் நகர்ல குழந்தை இயேசு கோயிலுக்குப் போயிருந்தீங்கன்னா என்னைப் பாத்திருப்பீங்க. கேட்டுக்கு எதிர்ல, ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்துல தள்ளுவண்டி. மெழுகுவத்தி, பூ மாலை, அப்பறம் மெழுகுல செஞ்ச கை, கால், வீடு, தொட்டில். கால் வலிக்காரன் கால் வாங்குவான், வீடு கட்டணும்னு நெனக்கிறவ வீடு வாங்குவா. என் தம்பி உள்ள இருந்த வருஷமெல்லாம் எது வாங்கி வெக்கிறதுன்னு எனக்குத் தெரியல. ஜெயில்லேருந்து ஆளை வெளிய கொண்டாறதுக்கு மெழுகுல ஒண்ணும் செய்யறதில்ல. அதனால சின்னதா ஒரு ஆம்பள பொம்மை வெச்சிக்கினு இருந்தேன்.

தம்பி பேர் தாஸ். எங்கப்பா தங்கவயல்ல சுரங்கத்துல இருந்தாரு. சுரங்கத்தை இழுத்து மூடினதும் பொழைக்க பெங்களூருக்கு வந்தோம். ஸ்ரீராம்புரத்துல ஒண்டுக்குடித்தனம். தாஸு லக்கேஜ் ஆட்டோ ஓட்டினான். ஒரு கோடையில தண்ணி லாரி வந்துச்சு. குடத்தோட பொம்பளைங்க அடிச்சிக்க, ஆம்பளைங்க நடுவுல பூந்தாங்க. ஒருத்தன் என் முடியைப் புடிச்சு இழுத்தான். தாஸு அவனைப் புடிச்சுத் தள்ளினான். தள்ளினதுதான். அந்தாளு பின்னால போய் கல்படியில மண்டை பட்டு விழுந்தான், எந்திரிக்கல. கோர்ட்டுல ஏழு வருஷம் போட்டாங்க. செத்தவன் வீட்டுலயும் ஒரு அக்கா இருந்தா. அவ என்னைத் திட்டினப்ப நான் வாயைத் தொறக்கல. எனக்குத் தொறக்க வாய் ஏது? அதுக்கப்பறம் அந்த ஏரியாவை விட்டு விவேக் நகருக்குக் குடி மாறிட்டேன்.

ஜெயில்ல ஒரு பேக்கரி இருந்துச்சு. யாரோ ட்ரஸ்ட்காரங்க பெருசா ஒரு ஓவன் வாங்கிக் குடுத்து, கைதிங்களுக்குத் தொழில் கத்துக்குடுக்கணும்னு ஏற்பாடு. தாஸு அதுல சேர்ந்தான். மாவு பிசையறதுல ஆரம்பிச்சு பன், பிஸ்கட், கேக்கு வரைக்கும் கத்துக்கினான். கூட கிளிஃபர்ட்னு ஒரு பையன். காக்ஸ் டவுன் பக்கத்தவன், ஆயுள் தண்டனை. ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னு, ஒரே அடுப்புல வெந்தாங்க. நான் மனு போட்டுப் பாக்கப் போனா கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு, "அக்கா, இன்னிக்கு உள்ள தேங்கா வெச்சு தில்பசந்த் ரொட்டி போட்டோம்கா, நல்லா வந்துச்சு"ம்பான். ஜெயில்ல இருக்கிறவன் சொல்ற பேச்சா இது? எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

வெளிய வந்தான். வந்த அன்னிக்கே ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்லணும். மெஜஸ்டிக்ல பஸ்ஸு மாறணும். ரோட்டைத் தாண்டறோம், ட்ராபிக் போலீஸ்காரன் யாரையோ நிறுத்த ஒரு விசில் ஊதினான். பக்கத்துல தாஸைக் காணோம். திரும்பிப் பாத்தா, நடுரோட்டுல குந்திக்கினு இருக்கான். ரெண்டு கையும் முட்டி மேல, தலை கீழ. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஆட்டோக்காரன் அம்மாவை இழுத்துத் திட்டறான். இவன் அசையல.

ஜெயில்ல அப்பிடித்தானாம். விசில் அடிச்சா எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு, ரெண்டு ரெண்டு பேரா குந்தணும். வார்டர் தடியால தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கினு போவான். கணக்கு சரியா வந்தாதான் எந்திரிக்கலாம். தலை தூக்கினா அடி. காலைல, மத்தியானம், சாயங்காலம், தெனமும். ஏழு வருஷம் அதைப் பண்ணின முட்டி, நம்மளைக் கேட்டா மடங்கும்?

தொழில் கத்துக்குடுத்தவங்க இதை மறக்கறதுக்கு ஒரு க்ளாஸ் வெக்கல. நான் வெச்சேன். கோயில் கூட்டம் இல்லாத நாள்ல சாயங்காலம் அவனைக் கூட்டிக்கினு ஆஸ்டின் டவுன் சிக்னலுக்குப் போவேன். ஓரமா நிப்போம். போலீஸ்காரன் விசில் ஊதுவான், தாஸோட முட்டி நடுங்கும். நான் கையைக் கெட்டியா புடிச்சிக்குவேன். "குந்தாதடா. நான் இருக்கேன்டா, நில்லுடா"ம்பேன். பாக்கறவங்க எங்களைப் பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க. நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க. அப்பிடியே நாளாக நாளாக நிக்க ஆரம்பிச்சான். அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி விசில், கார் ரிவர்ஸ் எடுக்கிற விசில், எதுக்கும் குந்தல. ஒரு நாள் அவனா சிரிச்சான், "அக்கா, ஊதிட்டுப் போறான் விடு"ன்னு. அன்னிக்கு ராத்திரி நான் மட்டன் எடுத்துக் குழம்பு வெச்சேன்.

வேலைதான் கெடைக்கல. ஜெயில்ல குடுத்த சர்டிபிகேட்டுல மேல பெருசா ஜெயில் பேரு. அதை எவன்கிட்ட நீட்டறது? ரெண்டு கடையில நீட்டினான், ரெண்டு கடையிலயும் 'சொல்லி அனுப்பறோம்'னாங்க. அப்பறம் நான்தான் அதை மடிச்சுப் பொட்டியில போட்டுட்டு, ஹரிஷ் அண்ணாகிட்ட கூட்டிக்கினு போனேன். ஹரிஷ் ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரரு, எங்க தெரு முனையில பேக்கரி வெச்சிருக்காரு. வியாழக்கிழமை நொவேனா ஜெபம் முடிஞ்சா அரை விவேக் நகர் அங்கதான் டீ குடிக்கும். "எங்க தம்பிண்ணா. தங்கவயல்ல ராபர்ட்சன்பேட்டையில ஒரு பேக்கரியில இருந்தான், அந்தக் கடையை மூடிட்டாங்க"ன்னு சொன்னேன். பொய்தான். எனக்கு வெக்கமெல்லாம் இல்ல. உண்மையைச் சொன்னப்ப யாரும் சோறு போடல.

ஹரிஷ் மாவைக் குடுத்தாரு. தாஸு பிசைஞ்சான். பச்சைமிளகா, வெங்காயம், கறிவேப்பிலை போட்டு காரா பன் சுட்டு எடுத்தான். ஹரிஷ் ஒண்ணைப் பிச்சு வாயில போட்டுக்கினு கண்ணை மூடினாரு. "நாளெயிந்த பா," நாளையிலேருந்து வா, அவ்ளோதான் இண்டர்வியூ. ஒரு வருஷத்துக்கு மேல அங்க இருந்தான். ஜனங்க 'தாஸ் போட்ட பன் இருக்கா'ன்னு கேட்டு வாங்க ஆரம்பிச்சாங்க. ஹரிஷோட பொண்ணுங்க ரெண்டும் ஸ்கூல் விட்டு வந்ததும் 'தாஸ் மாமா'ன்னு அவன்கிட்டதான் பிஸ்கட் கேக்கும். ஒக்கலிபுரத்துல ஹரிஷ் இன்னொரு கடை தொறக்கப் போறாரு, அதுக்கு தாஸ்தான் மாஸ்டர்னு வாயால சொல்லிட்டாரு. என் தம்பி அந்த ராத்திரி தூங்கவே இல்ல. சாவி அவன் கையில இருக்குமாம். கடையைத் தொறக்கிறதும் பூட்டறதும் அவனாம்.

இந்த நேரத்துலதான் ரக்ஷிதா மேடம் வந்தாங்க.

அவங்க ஜெயில்ல நலத்துறை அதிகாரி. சின்ன வயசு, கெட்ட மனசு கெடையாது, அதை நான் சொல்லித்தான் ஆகணும். தாஸு உள்ள இருந்தப்ப எனக்கு மனு எழுதிக் குடுத்ததே அவங்கதான். என் வண்டிகிட்ட வந்து ஒரு மெழுகுவத்தி வாங்கினாங்க. அப்பறம் மெதுவா பேச்சை எடுத்தாங்க.

"எலிசபெத்தம்மா, பேக்கரியை மூடப் போறாங்க."

ஜெயிலுக்கு கவர்மெண்ட்டு குடுக்கிற பணம் சம்பளத்துக்கும், சோத்துக்கும், சுவத்துக்கும், கேமராவுக்கும், செல்போன் சிக்னலை அமுக்கிற மெஷினுக்கும் போயிடுதாம். தொழில் கத்துக்குடுக்கன்னு மிச்சம் வர்றது உப்புக்குக்கூட பத்தாதாம். ஓவனை ட்ரஸ்ட்காரங்க குடுத்தாங்க சரி, அது கெட்டுப்போனா ரிப்பேர் பண்ண பட்ஜெட்ல ஒரு தலைப்பே கெடையாதாம். இப்ப மேலேருந்து ஒரு கமிட்டி வருது. இத்தினி வருஷம் சொல்லிக்குடுத்தீங்களே, எவன் உருப்பட்டான், காட்டுன்னு கேக்கறாங்க. காட்டலேன்னா அந்த எடத்துல கேமரா ரூம் கட்டிடுவாங்க.

"காட்டுங்களேன்"னேன்.

"தேடினோம். ஒருத்தர் ஆட்டோ ஓட்டறாரு. ஒருத்தர் பெயிண்ட் அடிக்கிறாரு. ரெண்டு பேர் திரும்ப உள்ளயே வந்துட்டாங்க. பாதிப் பேர் அட்ரஸ்ல இல்ல. கத்துக்கிட்ட தொழில்லயே இருக்கிறது தாஸ் ஒருத்தர்தான்."

எனக்கு வந்துச்சே கோவம். "ஏன் மேடம் ஒருத்தன்தான் இருக்கான்? சர்டிபிகேட்டு மேல கொட்டை எழுத்துல ஜெயில் பேரைப் போட்டா எவன் வேலை குடுப்பான்? என் தம்பி பொழைக்கிறது நீங்க கத்துக்குடுத்ததால இல்ல, எங்க கத்துக்கினான்னு யாருக்கும் தெரியாததால. அதைப் போய் கமிட்டில சொல்லுங்க!" பூக்காரி சின்னத்தாயி எட்டிப் பாத்தா. நான் குரலை எறக்கிக்கினேன்.

மேடம் தலையைக் குனிஞ்சிக்கினாங்க. "ஒரு மணி நேரம் வந்து நின்னா போதும்மா. உள்ளதான். பேப்பர்ல பேர் வராது, போட்டோ எடுக்க விடமாட்டேன்."

"கடைப் பக்கம் போயிடாதீங்க. ஹரிஷ் அண்ணாவுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். போனாங்க. ஆனா கஸ்டமர் மாதிரிதான் போனாங்களாம். காரா பன் வாங்கித் தின்னுட்டு, ஒரு டப்பா கட்டிக்கினு, தாஸ்கிட்ட ஒரு வார்த்தை பேசாம வந்துட்டாங்க. டப்பா மேல கடையோட போன் நம்பர் இருந்துச்சு. அதை அப்ப யாரும் யோசிக்கல.

நான் தாஸ்கிட்ட சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன். அவனே கேட்டான், மேடத்தைக் கடையில பாத்தேனே, இன்னா விஷயம்னு. சொன்னதும் தட்டைத் தள்ளி வெச்சான்.

"போறேங்கா."

"மண்டையில ஏதாவது இருக்காடா உனக்கு? ஒக்கலிபுரம் கடை கையில வர்ற நேரத்துல?"

"கிளிஃபர்ட் இருக்கான்கா அங்க. பேக்கரி மூடினா அவனைத் திரும்ப எல்லாரையும் அடைக்கிற பெரிய பேரக்ல போடுவாங்க. அங்க இருந்தப்ப அவன் ரெண்டு தடவை கையை அறுத்துக்கினவன். ஓவன் கிட்ட வந்தப்பறம்தான் மனுஷனானான். நான் மட்டும் வெளிய வந்து பன் சுட்டா போதுமா?"

நான் கத்தினேன், அழுதேன், ரெண்டு நாள் பேசாம இருந்தேன். அவன் எங்கப்பா மாதிரி, ஒண்ணு சொல்லிட்டா சொல்லிட்டதுதான். கடைசில, குடும்பமும் வந்தா கமிட்டிக்கு நல்லா இருக்கும்னு மேடம் சொன்னதால நானும் கெளம்பினேன். ஹரிஷ்கிட்ட, கோலார்ல பெரியப்பா காரியம்னு லீவு. முந்தின நாள் சாயங்காலம் ஏதோ ஆபீஸ் ஆர்டர்னு தட்டு தட்டா காரா பன் சுட்டு வெச்சிட்டுத்தான் வந்தான்.

ஜெயில் கேட்ல எங்க கையில சீல் குத்தி, பையைத் தடவி உள்ள விட்டாங்க. உள்ள போனதுமே தாஸ் நடை மாறிடுச்சு. சுவத்தோரமா, தலையைக் குனிஞ்சிக்கினு. ஒரு கதவு தொறந்தே கெடந்துச்சு, இவன் அது முன்னாடி நின்னுக்கினு யாராவது போன்னு சொல்லட்டும்னு காத்திருக்கான். நான்தான் முதுகைப் புடிச்சுத் தள்ளினேன்.

பேக்கரி ஷெட்டுல கிளிஃபர்ட் ஓடி வந்து கட்டிக்கினான். ஒல்லியா, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பையன். கைதிங்க ஒரு இருபது பேர், எல்லாருக்கும் புதுசா வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. தாஸுக்கும் ஒண்ணு மாட்டி விட்டாங்க. ஷெட்டு கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, மாலை போட்டு ஜோரா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கொறை. ஓவன் சில்லுன்னு இருந்துச்சு.

"சூடாக்கற காயில் போயிடுச்சுண்ணா"ன்னான் கிளிஃபர்ட் மெதுவா. "மழைக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தோம். ஆளே வரல. நேத்து சுத்தமா செத்துப் போச்சு."

தாஸு ஓவன் கதவைத் தொட்டுப் பாத்தான். "அப்ப கமிட்டிக்கு எதைக் காட்டுவாங்க?"

ரக்ஷிதா மேடம் வேர்த்து விறுவிறுத்துப் போய் வந்தாங்க. "கவலைப்படாதீங்க, வெளியேருந்து பன்னு சொல்லிட்டேன். வந்துடும்."

"எங்கருந்து மேடம்?"

மேடம் லேசா சிரிச்சாங்க. "உங்க கடையிலேருந்துதான் தாஸ். நீங்க சுட்டதுதானே? எங்ககிட்ட கத்துக்கிட்டவர் சுட்ட பன்னுன்னு சொன்னா அது பொய் ஆகாதுல்ல? டெலிவரி பையன் கேட்டோட போயிடுவான், உள்ள வரமாட்டான்."

"மேடம்! உங்களுக்கு வேற கடையே கெடைக்கலையா இந்த ஊர்ல?" நான் கேட்டு முடிக்கல, வெளிய ஓம்னி வேனை நிறுத்திட்டு, கமிட்டிக்கு பன்னுன்னு சொல்லிக்கினு, ஷெட்டு வாசல்ல ஆளு வந்து நிக்குது. பெரிய ஆர்டரு, அதுவும் ஜெயில் ஆர்டரு, மாசா மாசம் கெடைக்குமான்னு பாக்க ஹரிஷே நேர்ல வந்துட்டாரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில குங்குமம், கையில தட்டு.

தட்டோட அப்பிடியே நின்னாரு. "ஏய் தாஸ்? நீனு இல்லி?"

நீ எங்கடா இங்கன்னு கேக்கறாரு. நான் முன்னாடி பாஞ்சேன். "காரியம் காலைலயே முடிஞ்சிடுச்சுண்ணா. இவங்க கைதிங்களுக்கு பன்னு போடச் சொல்லிக்குடுக்க மாஸ்டர் வேணும்னு கேட்டாங்க, நம்ம கோயிலுக்கு வர்ற மேடம்தான். உங்ககிட்ட சொன்னா ஏதாவது நெனச்சுக்குவீங்களோன்னு கூச்சப்பட்டான்."

வாயில வந்ததைச் சொன்னேன். மேடமும் புரிஞ்சிக்கினு தலையாட்டினாங்க. ஹரிஷ் எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்பறம், குழந்தை இயேசுவே, சிரிச்சாரு! "அய்யோ, இதைச் சொல்றதுக்கு என்னப்பா கூச்சம்? புண்ணியமான வேலை!" தாஸ் தோள்ல தட்டினாரு. பக்கத்துல நின்ன வார்டர்கிட்ட, "நம்ம மாஸ்டர் சார், ஒக்கலிபுரம் கடையை இவன்தான் பாத்துக்கப் போறான்"னு பெருமையடிச்சாரு. அந்த வார்டர் வேலைக்குப் புதுசு, தாஸை யாருன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

மேடம் அவரைக் கெளப்பப் பாத்தாங்க. "தாங்க்ஸ் சார், பில்லு அப்பறம் அனுப்பிடுங்க, கமிட்டி வந்துடும்." நானும் காலித் தட்டு ரெண்டைத் தூக்கிக்கினு, வாங்கண்ணா வாங்கண்ணான்னு அவரை நடத்திக்கினு போறேன். உள்கேட்டை மூடிட்டான். கமிட்டி லேட்டா வந்ததால மத்தியான எண்ணிக்கை நேரம் வந்துடுச்சாம், எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் உள்ளயும் போகக்கூடாது, வெளியயும் போகக்கூடாதாம். "ஸ்வல்ப இருங்கம்மா, பத்து நிமிஷம்"ன்னான் கேட்டுக்காரன். ஹரிஷ் திரும்பி ஷெட்டைப் பாத்துக்கினு நின்னாரு. தாஸு அங்க கிளிஃபர்ட் பக்கத்துல பன்னை அடுக்கிக்கினு இருந்தான். அந்தப் பக்கத்துக் கதவு வழியா சூப்பிரண்டு சாரும் கமிட்டிக்காரங்களும் அப்பதான் நொழையறாங்க.

விசில் அடிச்சான்.

ஆஸ்டின் டவுன் விசிலும் அதுவும் ஒண்ணா? அது நீளமா, மேல ஏறிக்கினே போகுது. தட்டெல்லாம் கீழ வந்துச்சு. வெள்ளைக் கோட்டெல்லாம் ரெண்டு ரெண்டா குந்திச்சு. நான் தாஸையே பாத்துக்கினு இருந்தேன். நில்லுடா, நில்லுடான்னு மனசுல கத்தறேன். அவன் முட்டி ஒரு தடவை நடுங்கிச்சு, எனக்குத் தெரிஞ்சுது. என் கை அவனுக்கு எட்டற தூரத்துல இல்ல. நான் ஹரிஷோட தட்டைப் புடிச்சிக்கினு கேட்டு கிட்ட நின்னேன்.

குந்திட்டான். கிளிஃபர்டுக்கு ஜோடியா, ரெண்டு கையும் முட்டி மேல, தலை கீழ.

ஹரிஷ் முதல்ல ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சாரு போல. "இவன் எதுக்கு..."ன்னு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள எண்ணற வார்டர் வந்துட்டாரு. ராஜேந்திரன்னு வயசான ஆளு, ரொம்ப காலமா அங்கயே இருக்கிறவரு. தடியால தலையைத் தொட்டுக்கினே வர்றாரு. தாஸ் தலையையும் தொட்டாரு. தொட்டுட்டு நின்னாரு, குனிஞ்சு மொகத்தைப் பாத்தாரு. அப்பறம் சத்தமா சிரிச்சாரு. "அடப்பாவி, தாஸா? நீ ரிலீஸாகிப் போயி எவ்ளோ நாளாச்சு! இன்னும் பழக்கம் போகலையாடா உனக்கு? எந்திரிடா, நீ கணக்குல இல்ல!"

அவரு பாசமாத்தான் சொன்னாரு. அந்தப் பாசம் ஷெட்டு பூரா கேட்டுச்சு.

தாஸு எந்திரிக்கல. எந்திரிக்க முடியல அவனால. எண்ணிக்கை முடிஞ்ச விசில் வரணும்ல. கமிட்டியில தலைவரா வந்தவரு கண்ணாடியைத் தூக்கிப் பாத்துட்டு, "வெளிய போனவர்கூட டிசிப்ளினை மறக்கல, பாருங்க"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னாரு. அவங்களுக்கு ரொம்ப திருப்தி. ரக்ஷிதா மேடம் மட்டும் சுவத்தைப் பாத்துக்கினு நின்னாங்க, கண்ணுல தண்ணி. நான் ஹரிஷ் மொகத்தைப் பாத்தேன். கோவமே இல்ல அதுல. பயம் இருந்துச்சு. நேத்து வரைக்கும் தன் பொண்ணுங்களுக்கு பிஸ்கட் குடுத்த கையை அவரு நெனச்சிக்கினு இருந்தாருன்னு எனக்குப் புரிஞ்சுது.

கேட்டுக்கு வெளிய வந்து வேன்ல காலித் தட்டை அடுக்கினாரு. நான் பக்கத்துலயே நின்னேன். பின்கதவைச் சாத்திட்டு, "என்ன கேஸு?"ன்னாரு.

சொன்னேன். தண்ணி லாரி, தள்ளினது, கல்படி, எல்லாம். "அவன் வேணும்னு பண்ணலண்ணா. என்னைக் காப்பாத்தத்தான்..."

"எலிசக்கா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க. கடைக்கு மேலதான் வீடு. மொதல்லயே சொல்லியிருந்தா..."

"மொதல்லயே சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?"

அவரு பாக்கெட்ல வேன் சாவியைத் தேடினாரு. நல்ல மனுஷன், பொய் சொல்ல வரல. வேன்ல ஏறி, "தாஸை நாளைக்கு வர வேணாம்னு சொல்லுங்க. நான் போன் பண்றேன்"ன்னாரு. போன் வரல. ஒக்கலிபுரம் கடை தொறந்தாச்சு, ஹாசன்லேருந்து அவரோட மச்சினன் வந்து பாத்துக்கறான். வியாழக்கிழமை என் வண்டியைத் தாண்டிப் போறப்ப ஹரிஷ் அந்தப் பக்கமா மொகத்தைத் திருப்பிக்குவாரு. நானும் மெழுகுவத்தியை அடுக்கிக்கினு இருப்பேன்.

தாஸு என்னைத் திட்டல, மேடத்தையும் திட்டல. வீட்டுல சுவத்தைப் பாத்து குந்திக்கினு கெடந்தான். விசில் இல்லாமலே. வேற கடையெல்லாம் ஏறி எறங்கினான். பேக்கரிக்காரங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க, ஒரே ஊர்க்காரங்க. அவன் போறதுக்கு முன்னாடி சேதி போயிருந்துச்சு. ஆஸ்டின் டவுன் சிக்னலுக்கு வாடான்னேன், மறுபடி மொதல்லேருந்து பழகலாம்னேன். வரமாட்டேன்னுட்டான்.

பேக்கரிக்கு பட்ஜெட் பாஸாயிடுச்சு. புது ஓவன், ரிப்பேருக்குத் தனித் தலைப்பு, எல்லாம். கத்துக்கினவங்கள்ல ஒருத்தர் வெளிய அதே தொழில்ல நல்லா இருக்காருன்னு ரிப்போர்ட்டுல எழுதியிருந்தாங்களாம். அந்த ரிப்போர்ட்டு போய்ச் சேர்ந்த அன்னிக்கு, அந்த ஒருத்தர் எங்க வீட்டு மூலையில குந்திக்கினு இருந்தாரு.

ரக்ஷிதா மேடம் வந்தாங்க. இந்தத் தடவை மெழுகுவத்தி வாங்கல. கையைப் பெசஞ்சிக்கினே நின்னாங்க. "மாஸ்டர் போஸ்டு ஒண்ணு சாங்ஷன் ஆயிருக்கும்மா. தெனக்கூலிதான். தாஸைக் கேட்டுச் சொல்றீங்களா?"

"எங்க?"

"உள்ளதான்."

நான் கத்தின கத்துல ஆட்டோக்காரங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க. "ஏழு வருஷம் பத்தலையா உங்களுக்கு? அவனை வெளியேருந்து புடுங்கித் திரும்ப உள்ள வெச்சிக்கணுமா? நல்லா இருப்பீங்களா நீங்க?" மேடம் நின்னு எல்லாத்தையும் வாங்கிக்கினாங்க. அவங்களைத் திட்டித் தீர்த்தும் என் மனசு ஆறல, அதுவும் உண்மை.

தாஸு ஒத்துக்கினான். இப்ப தெனம் காலைல போறான். கேட்ல சீல் குத்தறாங்க, பையைத் தடவறாங்க, சாயங்காலம் விடறாங்க. கிளிஃபர்டோட சேர்ந்து புது ஓவன்ல சுடறான். பன்னு நல்லா வருதாம்.

போன வாரம் சோறு போடறப்ப கேட்டேன். "அங்க விசில் அடிச்சா இப்ப என்னடா பண்றே?"

"குந்திடுவேங்கா."

"நீ இப்ப மாஸ்டர்டா! சம்பளக்காரன்! நீ எதுக்குடா குந்தறே?"

சாம்பாரை ஊத்திப் பெசஞ்சான். கோவமும் இல்ல, வருத்தமும் இல்ல அவன் மொகத்துல. "நின்னா கால் நடுங்குதுக்கா. அங்க எல்லாரும் குந்தறாங்க, நானும் குந்தறேன். யாரும் ஒரு மாதிரி பாக்கறதில்ல." ஒரு வாய் தின்னுட்டு லேசா சிரிச்சான். "ராஜேந்திரன் சார்தான் திட்டறாரு. தெனம் எண்ணி முடிச்சா ஒரு தலை ஜாஸ்தி வருதாம். மறுபடி மொதல்லேருந்து எண்ண வேண்டியதா இருக்காம்."

நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். தின்னுட்டு, தட்டைக் கழுவி வெச்சிட்டு, வாசல் கதவு முன்னாடி போய் நின்னான். கதவு தொறந்துதான் இருந்துச்சு. நான் எந்திரிச்சுப் போய், "போடா"ன்னேன். அப்பறம்தான் வெளிய போனான்.